கண்ணின் சாட்சியும் குடுவையின் சாட்சியும்: ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஸ்டீராய்டு ஐயத்தின் வரலாறு

1995 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தென்னாப்பிரிக்கரான ஃபிரான்ஸ் போத்தா, உள்ளூர் வீரர் ஆக்செல் ஷுல்ட்ஸைப் புள்ளிக்கணக்கில் வென்று ஐபிஎஃப் அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். ஜார்ஜ் ஃபோர்மன் துறந்த பட்டம் அது. நடுவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, அரங்கம் கொந்தளித்தது. போத்தாவின் பட்டப்பெயர் ‘வெள்ளை எருமை’. தோள் அகன்று, இடுப்புக்கச்சைக்கு மேல் தொப்பை சரிந்து நிற்கும் உடல். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் செதுக்கிய சிற்பத்துக்கும் அந்த உடலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் சண்டைக்குப் பின் பெறப்பட்ட சிறுநீரில் நாண்ட்ரோலோன் இருந்தது. 1996இல் பட்டம் பறிக்கப்பட்டது. கைக்காயத்துக்கு மருத்துவர் தந்த மருந்து என்பது போத்தா தரப்பின் விளக்கம்.

அதே ஆண்டுகளில் ஊக்கமருந்துப் பேச்சு யாரைச் சுற்றி வந்தது என்று பார்த்தால் இந்நிகழ்வின் பொருள் விளங்கும். அவர் இவாண்டர் ஹோலிஃபீல்டு. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் வெண்கலம் வென்று, பின்னர் குரூசர்வெயிட் பட்டங்களை ஒன்றிணைத்து, 1988இல் ஹெவிவெயிட்டுக்கு ஏறியவர். ஏறும்போது உடற்கட்டுப் போட்டிகளில் உலகப் புகழ் பெற்ற லீ ஹேனியைப் பயிற்சிக்கு அமர்த்திக்கொண்டார். 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை வீழ்த்தியபோது அவருடைய எடை 208 பவுண்டு. கழுத்தும் தோளும் மார்பும் தனித்தனியே வடித்தெடுத்தாற்போன்ற அந்த உடலே அவர்மீதான முதல் குற்றச்சாட்டாயிற்று. ஆயினும் தம் தொழில் வாழ்வில் எந்தச் சோதனையிலும் அவர் சிக்கவில்லை.

ஹெவிவெயிட் ஐயத்தின் வரலாறு முழுவதும் இந்த முரண் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் ஒருவரைச் சுட்டும். ஆய்வகக் குடுவை வேறொருவரைக் காட்டும். இரண்டில் எதை நம்புவது என்பதைவிட, இரண்டும் எவ்வாறு உருவாகின்றன என்பதே வரலாற்று மாணவருக்குப் பயன்படும் வினா.

இப்பிரிவின் மீது மட்டும் ஏன் இவ்வளவு ஐயம்? குத்துச்சண்டையின் மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் மேல்வரம்பு உண்டு. தசையைக் கூட்டினால் எடைத்தட்டு அதைக் காட்டிக்கொடுக்கும். வீரர் அடுத்த பிரிவுக்குத் தள்ளப்படுவார். தொழில்முறை ஹெவிவெயிட்டுக்கோ இன்றைய கணக்கில் 200 பவுண்டு, ஏறத்தாழ 90.7 கிலோ என்ற கீழ்வரம்பு மட்டுமே உண்டு. மேலே வானமே கூரை. இங்கு மட்டும்தான் எடை தண்டனையாகாமல் முதலீடாகிறது. ராக்கி மார்சியானோ 1952இல் பட்டம் வென்றபோது எடை 184 பவுண்டு. 1964இல் லிஸ்டனை எதிர்த்த முகம்மது அலி 210½. 2002இல் டைசனை வீழ்த்திய லெனாக்ஸ் லூயிஸ் 249. 2020இல் வைல்டரை வென்ற டைசன் ஃபியூரி 273. எழுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஏறக்குறைய தொண்ணூறு பவுண்டு. இந்த வளர்ச்சியை ஊக்கமருந்தின் கணக்கிலேயே எழுதிவிடுவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. மார்சியானோவின் உயரம் ஆறடிக்கும் குறைவு. ஃபியூரியின் உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். சோவியத் ஒன்றியத்தின் சரிவுக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவின் நெடிய மனிதர்கள் தொழில்முறை வளையத்துக்குள் வந்தனர். ஆள்தேர்வுக் களமே விரிந்தது. எடைப்பட்டியல் ஒரு மாற்றத்தைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது.

இலகுவான வீரர் திட்டமிட்டுக் கனத்து மேலேறும் வழக்கம் அறிவியல் தோரணை பெற்றது 1985 செப்டம்பரில். 175 பவுண்டுப் பிரிவின் வேந்தரான மைக்கேல் ஸ்பிங்ஸ், மேக்கி ஷில்ஸ்டோன் என்ற உடல்திறப் பயிற்சியாளரின் உணவு, ஓட்ட முறைகளால் 200 பவுண்டை எட்டி லாரி ஹோம்ஸை வென்றார். தோல்வியே காணாமல் 48 வெற்றிகளுடன் இருந்த ஹோம்ஸ், மார்சியானோவின் 49ஐ எட்டவிருந்த தருணம் அது. ஸ்பிங்ஸ்மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. இரண்டு மாதங்களில் ‘ராக்கி’ வரிசையின் நான்காம் படம் திரைக்கு வந்தது. ஆய்வகக் கருவிகள் சூழ ஊசி ஏற்றிக்கொள்ளும் சோவியத் வீரன் ஐவன் டிராகோவை உலகம் கண்டது. ஸ்டீராய்டு குத்துச்சண்டையர் எப்படி இருப்பார் என்பதைப் பொதுமக்களின் கண்ணுக்குக் கற்பித்தது மருத்துவ நூலன்று, அந்தப் படம். பனிப்போர் அரசியல் வரைந்த அந்தப் படிமம் பின்னர் தன் சொந்த நாட்டின் ஹோலிஃபீல்டு மீதே திரும்பியது ஒரு வேடிக்கை.

நம் சூழலிலும் இக்கண் பழக்கப்பட்டதே. 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் கபிலனின் வீழ்ச்சி தொப்பையாகவும் மீட்சி கட்டுடலாகவும் காட்டப்படுகிறது. தொப்பை ஒழுக்கச் சரிவு, தசை உழைப்பு என்னும் சமன்பாட்டைத் திரையரங்கம் விளக்கமின்றிப் புரிந்துகொள்கிறது. ஸ்டீராய்டு ஐயம் இச்சமன்பாட்டின் மறுபக்கம்: உழைப்புக்கு மிஞ்சியதாகத் தோன்றும் தசை ஏமாற்று.

கண் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு அலியின் 1980ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை நடத்தினார். ஓய்விலிருந்த, உடல் தடித்த அலி அவர். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் ஹோம்ஸை எதிர்கொள்ள எடைத்தட்டில் ஏறியபோது 217½ பவுண்டுதான் காட்டியது. வயிறு ஒட்டி, நரைமுடிக்குச் சாயமேற்றி, பத்தாண்டு இளமை திரும்பியது போன்ற தோற்றம். கண்டவர் வியந்தனர். உண்மையில் அவர் தைரோலார் என்ற தைராய்டு மருந்தை உட்கொண்டிருந்தார்; கொழுப்போடு வலுவும் கரைந்திருந்தது. பத்துச் சுற்றுகள் அடிவாங்கிய பின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். அழகாகத் தோன்றிய அவ்வுடல்தான் அவருடைய வாழ்வின் மிகப் பலவீனமான உடல்களில் ஒன்று.

இனி, குடுவையின் சாட்சி. 2005 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜேம்ஸ் டோனி, ஜான் ரூயிஸை வென்று டபிள்யூபிஏ பட்டம் பெற்றார். 160 பவுண்டுப் பிரிவில் உலகப் பட்டம் வென்று தொடங்கிய டோனி, அன்று 233 பவுண்டு. அவற்றில் பெரும்பகுதி தசையன்று என்பது அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். அவரிடமும் நாண்ட்ரோலோன் கண்டறியப்பட்டது. மாநில ஆணையம் 90 நாள் தடையும் 10,000 டாலர் அபராதமும் விதித்து முடிவை நீக்கியது. பட்டம் ரூயிஸிடம் திரும்பியது. டோனியும் கைக்காயச் சிகிச்சையையே காரணம் காட்டினார். 2007இல் வேறொரு சண்டைக்குப் பின் மீண்டும் சிக்கினார்.

போத்தா, டோனி, பின்னர் ஃபியூரி ஆகிய மூவரிடமும் ஒரே மருந்தின் தடயம். இதிலிருந்து நாண்ட்ரோலோனே குத்துச்சண்டையர் விரும்பிய மருந்து என்று முடிவு கட்டலாமா? கூடாது. மூலச்சான்று எஞ்சும் விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். நாண்ட்ரோலோன் டெக்கனோவேட் எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தப்படும் மருந்து. சிறுநீரக நோயாளிகளின் சோகைக்கும் எலும்புத் தேய்வுக்கும் மருத்துவர்கள் பயன்படுத்தி வந்தது. தசையிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும். அதன் சிதைபொருளான 19-நோர்ஆண்ட்ரோஸ்டீரோன் ஊசி போட்டுப் பல மாதங்கள் கழிந்த பின்னும் சிறுநீரில் தென்படும். தோலில் பூசும் டெஸ்டோஸ்டீரோன் களிம்போ சில நாள்களில் மறைந்துவிடும். சண்டை நாளன்று மட்டும் மாதிரி எடுத்த அக்காலத்தில், எட்டுப் பன்னிரண்டு வாரப் பயிற்சி முகாமில் விரைந்து கழியும் மருந்தைப் பயன்படுத்தி உரிய வேளையில் நிறுத்தியவர் தூயவராகவே மேடையேறியிருப்பார். மெல்லக் கழியும் மருந்தை எடுத்தவரே சிக்கினார். 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது கற்கருவி. அதைக் கொண்டு அம்மக்கள் மரத்தைப் பயன்படுத்தவில்லை என்று எவரும் எழுதுவதில்லை. மரம் மக்கியது, கல் எஞ்சியது. தண்டிக்கப்பட்டோரின் பட்டியலும் அத்தகையதே: அது பயன்பாட்டின் வரலாறன்று, எச்சங்களின் வரலாறு.

இப்பட்டியலில் பின்னர் சேர்ந்த விட்டாலி கிளிட்ஷ்கோவின் செய்தியும் தொப்பைக்காரர்களின் கதையோடு முழுதும் பொருந்துவதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் ஸ்டீராய்டுச் சோதனையில் சிக்கி உக்ரைன் அணியிலிருந்து நீக்கப்பட்டார். கால் காயத்துக்கு எடுத்த மருந்து என்றார். அவரிடத்தில் இறங்கிய தம்பி விளாதிமிர் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். கண்ணும் குடுவையும் சில வேளை ஒத்தும் போகலாம்.

சோதனைக்கூடத்தை எட்டாத சான்றுகளும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் இணையவழி மருந்து விற்பனை குறித்து நடந்த புலனாய்வில் ‘இவான் ஃபீல்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளர் இருந்தது வெளிப்பட்டது. டெஸ்டோஸ்டீரோனும் வளர்ச்சி ஹார்மோனும் அப்பெயருக்கு அனுப்பப்பட்டிருந்தன. அந்த ‘ஃபீல்ட்ஸி’ன் பிறந்தநாள் ஹோலிஃபீல்டின் பிறந்தநாளான அக்டோபர் 19. தாம் ஸ்டீராய்டு பயன்படுத்தவில்லை என்று ஹோலிஃபீல்டு மறுத்தார். வழக்கு அவர்மீது பாயவில்லை. ஆவணவியல் பயின்றோர்க்கு இது பழகிய நிலை: பெயர் ஐயத்துக்குரியது, தேதி பொருந்துகிறது, உரியவர் மறுக்கிறார். இதை மெய்ப்பிக்கப்பட்ட குற்றமாக எழுதுவோரும், ஒன்றுமே இல்லாததாகக் கடப்போரும் ஒரே அளவில் சான்றை மீறுகின்றனர்.

குடுவையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஃபியூரியின் வழக்கு அதற்கு நல்ல பாடம். 2015 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் 19-நோர்ஆண்ட்ரோஸ்டீரோன் இருந்தது. அவர் அதே ஆண்டு நவம்பரில் விளாதிமிர் கிளிட்ஷ்கோவை வென்று உலகப் பட்டம் பெற்றார். பிரிட்டன் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு குற்றம் சாட்டியதோ 2016 ஜூனில். விதையடிக்காத காட்டுப்பன்றியின் இறைச்சியை உண்டதே காரணம் என்பது எதிர்வாதம். கேட்டதும் நகைப்பு வரும். ஆனால் வேதியியல் அதை ஒரேயடியாகத் தள்ளுவதில்லை. விதையடிக்காத பன்றியின் உடலில் நாண்ட்ரோலோன் இயற்கையாகவே சுரக்கிறது, அதன் உள்ளுறுப்புகளை உண்டவரின் சிறுநீரில் சிறிது நேரம் தடயம் வரும். கருவுற்ற பெண்களிடமும் வரும். எல்லைக்கோடு ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவில், மருந்தா உணவா என்று பிரிக்கக் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளக்கின்றனர். தொழிற்சாலை ஸ்டீராய்டு பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுவதால், கனமான கார்பன்-13 அதில் சற்றுக் குறைவு. மக்காச்சோளம் தின்ற விலங்கில் அது கூடுதல். விலங்கின் தீவனமே சோயாவானால் வேறுபாடு மங்கிவிடும். ஆய்வக எண்ணும் வாசிக்கப்பட வேண்டிய பனுவலே.

2017 டிசம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. முன்தேதியிட்டு இரண்டாண்டுத் தடை. அறிவிப்பு வந்தபோது தடைக்காலம் ஏறக்குறைய கழிந்தேவிட்டது. காட்டுப்பன்றி தொடர்பாகத் தாம் தந்த வாக்குமூலம் பொய் என 2020இல் பண்ணையார் ஒருவர் நாளிதழில் கூறினார். ஃபியூரி தரப்பு அதை மறுத்தது.

2011இல் தொடங்கப்பட்ட ‘வாடா’ என்ற தன்னார்வச் சோதனை அமைப்பு – உலக முகமையின் பெயரோடு குழம்பத்தக்க ஒலி, அமைப்பு வேறு – பயிற்சிக்காலத்திலேயே முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்கத் தொடங்கியதும் படம் மாறியது. 2019இல் அந்தோணி ஜோஷுவாவை எதிர்க்கவிருந்த ஜாரெல் மில்லர், 300 பவுண்டைத் தாண்டிய உருண்ட உடலினர், அடுத்தடுத்த மாதிரிகளில் சிக்கினார். கிடைத்தவை ஜிடபிள்யூ-1516, எரித்ரோபாய்ட்டின், வளர்ச்சி ஹார்மோன். ஒன்றுகூட ஸ்டீராய்டு அன்று. முதல் இரண்டும் மூச்சையும் தாங்குதிறனையும் சார்ந்தவை. பெருத்த உடலைப் பன்னிரண்டு சுற்றுகள் சுமக்க எது தேவையோ அது. கண் தசையைத் தேடிக்கொண்டிருந்தபோது மருந்து வேறு வேலையைச் செய்துகொண்டிருந்தது. மில்லருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் ஆண்டி ரூயிஸ். அவருடைய தொப்பையைக் கேலி செய்தோர் முன்னிலையில் அவர் ஜோஷுவாவை நான்கு முறை தரையில் வீழ்த்தினார்.

இந்திய ஹெவிவெயிட்டில் அண்மைக்கால வழக்கும் அதே 2019ஐச் சேர்ந்தது. ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற, 91 கிலோ பிரிவு வீரர் சுமித் சங்வானின் மாதிரியில் அசிட்டசோலமைடு கண்டறியப்பட்டது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா ஓராண்டுத் தடை விதித்தது. இது சிறுநீர்பெருக்கி, கண் அழுத்தத்துக்கும் மலையேற்ற நோய்க்கும் தரப்படுவது. சிறுநீரை நீர்க்கச் செய்து பிற மருந்துகளை மறைக்கக்கூடும் என்பதாலும், எடையைச் சட்டெனக் குறைக்க உதவும் என்பதாலும் தடைசெய்யப்பட்டது. அமெச்சூர் ஹெவிவெயிட்டுக்கு 91 கிலோ என்ற கூரை அன்று இருந்ததை நினைவிற்கொண்டால், ஒரே பெயர் கொண்ட இரு பிரிவுகளில் ஐயத்தின் திசையே மாறுவது தெரியும். அங்கே எடை ஏற்றும் மருந்து. இங்கே இறக்கும் மருந்து. நோக்கம் எதுவாயினும் பொருள் உடலில் இருந்தாலே வீரர் பொறுப்பு என்பது விதி. 2011இல் கேரளத்தின் சினி ஜோஸ், டியானா மேரி தாமஸ் உள்ளிட்ட தொடரோட்ட வீராங்கனைகள் ஸ்டீராய்டுச் சோதனையில் சிக்கி, உக்ரைனியப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் தந்த ஜின்செங் துணையுணவைக் காரணம் காட்டியபோதும் இவ்விதியே நின்றது. இந்தியத் தீர்ப்பாயம் அளித்த ஓராண்டை விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2012இல் இரண்டாக்கியது. பயிற்சியாளர் பணிநீக்கத்தோடு தப்பினார். காயத்துக்கு மருத்துவர், தட்டில் பன்றி, பொட்டலத்தில் ஜின்செங் – தற்காப்புகள் மாறுகின்றன. சிறுநீர் வீரருடையது மட்டுமே.

கண்ணும் குடுவையும் எவ்வளவு வேறுபட்ட தீர்ப்புகளைத் தரும் என்பதைத் தமிழ்நாடு ஒரே நகரில், ஒரே தூரத்தில் இருமுறை கண்டது. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். அவர்மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஓர் உடல் பெண்ணுடலாகத் தோன்ற வேண்டிய விதம் பற்றிய ஐயமே பாலினச் சோதனைக்கு இட்டுச் சென்றது, பதக்கம் பறிக்கப்பட்டது. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர் முன் நிறுத்திக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மரபின் நீட்சி அது. 2019 ஏப்ரலில் அதே தோஹாவில், ஆசியத் தடகளப் போட்டியில், அதே 800 மீட்டரில், திருச்சி மாவட்ட முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 நொடியில் தங்கம் வென்றார். மெலிந்த உருவம், வறுமையின் பின்னணி; ஒருவர்கூட ஐயுறவில்லை, கட்சிகள் பரிசுத்தொகை அறிவித்தன. மாதிரியில் வந்தது 19-நோர்ஆண்ட்ரோஸ்டீரோன். போத்தாவின், டோனியின், ஃபியூரியின் அதே பொருள். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். ஊசி மருந்து, உணவு, துணையுணவு ஆகிய எதன் வழியே அது வந்தது என்பதைக் குடுவை சொல்லாது. அதைச் சொல்லும் கடமை விதிப்படி அவருடையது. நான்காண்டுத் தடை 2023 மே வரை நீடித்தது. தங்கம் இரண்டாவதாக வந்த சீனத்தின் வாங் சுன்யுவுக்குச் சென்றது. சாந்தி 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். அவருடைய வெள்ளி திருப்பித் தரப்படவில்லை.